மூன்றாம் வகை முட்டாள்

"முடிஞ்சிது. இனி இவள யாராலயும் காப்பாத்த ஏலாது!" என்று சொல்லி ஜுனைதீன் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகிற பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த கிழவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஜுனைதீனின் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த வின்சன்ட் அசையவில்லை. இந்த மாதிரி மரணச் செய்திகள் அவனுக்குப் பழகிப்போனவை.

"செத்தது யாரு நானா?" என்றான். ஜுனைதீனை அண்ணன் முறைக்கு 'நானா' என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"இன்னும் சாகல. சாகப் போறா. பாழடஞ்ச பங்களா, கரன்ட் இல்ல, அங்க போகாதன்னு ஊரே கத்துது. இவ பீ.ஏ. படிச்சவ. வாசல்ல ரத்தம் ஈக்குது. பாத்துட்டு ஓடி வர வாணாமா? 'யாரது?'ன்னு கேட்டுக்கிட்டே உள்ள போறா!"

"உள்ள போனாத்தானே நானா மிச்சப் பக்கத்த அச்சடிக்கலாம்?"

"அதுதான்டா நான் சொல்றதும்!"

மாத்தளையில் திருகோணமலை வீதியில் துப்பறியும் நாவல்களை வாடகைக்கு விடும் கடை ஜுனைதீனுடையது. வாடகைக்கு விடுமுன் ஒவ்வொரு புத்தகத்தையும் அவரே படித்துவிடுவார். படித்து முடிக்கும்போது அதில் வரும் ஒருவர் மீதும் அவருக்கு மரியாதை மிஞ்சியிருக்காது. இப்படிக் கதைமாந்தரைத் திட்டித் திட்டியே மனிதர்களின் அசட்டுத்தனத்தை எடைபோடும் பழக்கம் வந்து, ஊரில் காணாமல்போன சில பொருட்களையும் ஓடிப்போன சில ஆட்களையும் அவர் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தார். வின்சன்ட் இரத்தோட்டைக்காரன். மாலையில் சினிமாக் கொட்டகையில் டிக்கட் கிழிப்பான், பகலில் ஜுனைதீனோடு திரிவான். உதவியாளர் என்பது அவனே தனக்குச் சூட்டிக்கொண்ட பதவி.

கதையில் வரும் முட்டாள்களை ஜுனைதீன் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். பிறவி முட்டாள் முதல் பக்கத்தில் வாளிக்குள் காலை விட்டால் கடைசிப் பக்கத்திலும் வாளிக்குள்தான் விடுவான். பாவம், நேர்மையானவன், அவனோடு சண்டையில்லை. அடுத்தவன் உணர்ச்சி முட்டாள். மூளை நன்றாகத்தான் இருக்கும், காதலோ கோபமோ வந்து கொஞ்ச நேரம் கண்ணை மறைத்துவிடும். மனிதன்தானே என்று அவனையும் மன்னித்துவிடலாம். ஜுனைதீனுக்கு இரத்தம் கொதிப்பது மூன்றாவது ஆளைக் கண்டால்தான். ஒன்பது அத்தியாயம் கெட்டிக்காரனாக இருந்தவன், பத்தாவதில் திடீரென்று மூளைக்கு லீவு கொடுத்துவிடுவான். ஏனென்றால் அவன் அசடாக நடந்துகொண்டால்தான் கதை நகரும். இவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'எழுத்தாளனுக்குத் தேவைப்பட்ட முட்டாள்'.

"சரி, நம்ம மார்கிரட் எந்த வகை?" என்றான் வின்சன்ட்.

அதற்காகத்தான் இந்தப் பயணம். அலுவிகாரையில் ஏலக்காயும் மிளகும் மொத்தமாக வாங்கி விற்கும் மஹ்ரூப் ஹாஜியாரின் மகள் றஸ்மியாவுக்குக் கல்யாணம் நெருங்கிவிட்டது. அக்குறணை மாப்பிள்ளை வீட்டார் மணப்பெண் போடுவதற்கென்று பரம்பரை அட்டியல் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அது முந்தாநாள் அலுமாரியிலிருந்து காணாமல்போனது. அலுமாரிக்கு அடியில் ஓலையில் பின்னிய சிலுவை ஒன்று கிடந்தது. கல்யாண உடுப்புத் தைக்க வந்து அந்த வீட்டிலேயே தங்கியிருந்த மார்கிரட்டைத் தவிர அங்கே வேறு கிறிஸ்தவர் இல்லை. நகையை எங்கே ஒளித்தாள் என்று அவள் வாயிலிருந்து வரவழைத்துக் கொடுத்தால் போதும், பின்னேரத்து அஸர் தொழுகைக்குள் நகை வரவில்லையென்றால் பொலிஸில் ஒப்படைத்துவிடுவேன் என்று ஹாஜியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரு பொம்புள அலுமாரியத் தொறந்து நகைய எடுக்கிறா," என்று விரலை மடக்கினார் ஜுனைதீன். "எடுத்துட்டு, 'நான்தான் வந்தேன்'ன்னு சிலுவைய அங்க போடுறா. போட்டுட்டு ஓடவும் இல்ல. ரூமுக்குப் போய் காஜா எடுத்துக்கிட்டு குந்தியிருக்கா. வின்சன்ட், நேர்ல யாராச்சும் மூணாம் வகையா நடந்தா, அந்த முட்டாளப் புடிக்கக் கூடாது. அந்தக் கதைய எழுதினவனத்தான் தேடிப் புடிக்கணும்."

அவர் முகத்தில் தன்னைப் பற்றிய பெருமை பொங்கி வழிந்தது. வின்சன்ட் கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினான்.

ஹாஜியாரின் வீடும் கடையும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. வாசலிலேயே ஏலக்காய் வாசம் மூக்கைத் துளைத்தது. வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒருவன் ஓடிவந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டான். வின்சன்ட் உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் கழன்றது. அவன் தரையில் இருந்தான்.

"அடே ஹராங்குட்டி! ஒடஞ்சது அதுதான்னு ஒனக்குத் தெரியாதா?" என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டு வந்தார் ஹாஜியார். "மன்னிச்சிக்கோங்க தம்பி. இவன் ஜமால்தீன், எந்தங்கச்சி மகன். மூளை பங்கு வெச்ச அன்னைக்கு சட்டியக் கவுத்துப் புடிச்சிக்கிட்டு நின்டிருப்பான். தம்புள்ளைக்கு லொறியோட அனுப்பினா லொறிய விட்டுட்டு பஸ்ஸுல வந்து எறங்குறான். போன கெழம ஒரு மூட்டை ஏலக்காய மழையில வெச்சிட்டான். பூஞ்சணம் புடிச்சி, களஞ்சிய மூலையில கெடந்து நாறுது."

ஜமால்தீன் பல்லைக் காட்டிச் சிரித்தான். ஜுனைதீன் அவனை ஒரு தடவை பார்த்தார். முதல் வகை, பிறவி முட்டாள், அதிலும் சுத்தமான சரக்கு. அதற்குமேல் அவனைப் பார்ப்பது நேர விரயம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளை கணபதி தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலும் கடையிலும் எந்தச் சாவி எங்கே தொங்குகிறது என்று அறிந்தவர் அவர். ஹாஜியாரே அவரைக் கேட்காமல் மூச்சுவிடுவதில்லை என்று ஊரில் பேச்சு. ஜுனைதீன் அவரை மட்டும் ஆற அமரப் பார்த்தார்.

ஹாஜியார் சிலுவையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வின்சன்ட் அதை எடுத்துத் திருப்பினான், முகர்ந்தான், பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

"என்னடா?"

"நானா, இது குருத்தோலை ஞாயித்துக்கு கோயில்ல மந்திரிச்சுக் குடுக்கிறது. வருசம் பூரா வீட்டுல மாதா படத்துல சொருகி வெச்சிருப்போம். ஆனா தவக்காலம் தொடங்க முந்தி கோயில்லயே திருப்பிக் குடுத்துடணும். பங்குச்சாமி அதையெல்லாம் எரிச்சு, அந்தச் சாம்பலத்தான் சாம்பல் புதன் அன்னைக்கு எங்க நெத்தியில பூசுவாரு."

"அதுக்கென்ன?"

"சாம்பல் புதன் முடிஞ்சு ரெண்டு கெழமைக்கு மேல ஆச்சு. புது ஓலை ஈஸ்டருக்கு முந்தின வாரந்தான். இப்ப ஒழுங்கான ஒரு வேதக்காரன் வீட்டுலயும் குருத்தோலை இருக்காது. ஒரு துண்ட மறந்து வெச்சிருந்தாக்கூட எங்கம்மா என்ன விளக்குமாத்தால அடிப்பா. இத இங்க போட்டவன் எங்க வேதத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதவன். சிலுவைன்னா எந்நாளும் சிலுவைதானேன்னு நெனச்சிட்டான்."

ஜுனைதீனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நாவல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். தாங்கள் அறியாத வீட்டைப் பற்றி எழுதப்போய் அடுப்பை வாசலில் வைத்துவிடுவார்கள்.

மார்கிரட் பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். பாவாடையும் சட்டையும் ஒரு பழைய ஜெபப் புத்தகமும் தரையில் சிதறிக் கிடந்தன. அவள் ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. தையல் மெஷினில் றஸ்மியாவின் கல்யாணச் சட்டை பாதித் தையலில் நின்றது.

"இந்தச் சிலுவை ஒன்னோடதா புள்ள?" என்று கேட்டார் ஜுனைதீன்.

"என்னோடதுதாங்க."

"எப்ப காணாமப்போச்சு?"

"நான் இங்க வந்த புதுசுல. கட்டில் தலமாட்டுல சொருகி வெச்சிருந்தேன். கோயில்ல திருப்பிக் குடுக்கலாம்னு பாத்தா இல்ல. எலி இழுத்திருக்கும்னு விட்டுட்டேன். வெறுங்கையோட போனேன்னு எங்கம்மா திரேசம்மா ஏசுனாங்க."

ஜுனைதீனுக்கு எரிச்சல் வந்தது. தன்னைக் காப்பாற்றும் சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயம் வரை அழுகிற பெண்களை அவர் எத்தனையோ நாவலில் திட்டித் தீர்த்திருக்கிறார். "இத ஏன் ஹாஜியாருகிட்ட சொல்லல?"

"பெட்டியத்தான் கொட்டுனாங்க. கேள்வி ஒண்ணும் கேக்கலைங்களே."

வின்சன்ட் குனிந்து ஜெபப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கட்டிலில் வைத்தான். "திங்கக்கெழம கண்டிக்குப் போறியாமே? எங்கம்மா கோயில்ல கேள்விப்பட்டுச் சொன்னா."

"நர்ஸ் படிப்புக்கு சிஸ்டர்மாரு எடுத்திருக்காங்கண்ணே. ஆறு பேர எடுத்ததுல தேயிலத் தோட்டத்துப் புள்ள நான் ஒருத்திதான்." அவள் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "பொலிஸ்ல பேரு விழுந்துட்டா வாசப்படி ஏற விடமாட்டாங்க."

கூடத்துக்குத் திரும்பி வரும்போது ஜுனைதீன் தாடியைத் தடவினார். சிலுவையை வாரக்கணக்காகப் பதுக்கி வைத்துத் திட்டம் போட்டவன் இந்த வீட்டு ஆள், வேதக்காரன் அல்லாதவன், மூளை உள்ளவன். அந்தக் கூரைக்குக் கீழே மூளை என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு கண்ணாடிக்குப் பின்னால்தான் இருந்தது. வின்சன்ட் அவர் பார்வை போன திசையைக் கவனித்து, "நானா, அவசரப்படாதீங்க," என்றான். ஜுனைதீன் அவசரப்பட்டார்.

"கணக்குப்பிள்ள," என்று நடுக்கூடத்தில் நின்று கையை நீட்டினார். "கதை நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா குருத்தோலைல சறுக்கிட்டீங்க!"

கணபதி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜுனைதீன் விளக்கம் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அய்யா துப்பறியிறவராக்கும்," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ண மாட்டிவிட நான் நெனச்சிருந்தா, சிலுவைய அலுமாரிக்கடியில போட்டுட்டு, அட்டியல அவ பெட்டிக்குள்ள போட்டிருக்க மாட்டேனா? பெட்டியக் கொட்டுன உடன கதை முடிஞ்சிருக்கும். நீங்க வரவும் தேவப்பட்டிருக்காது. இத எழுதுனவன் அவளுக்காக எழுதல. நகை திரும்பி வரக்கூடாது, அவனுக்கு அவ்வளவுதான். நகை வரலன்னா என்னாகும்னு மொதலாளியக் கேளுங்க."

ஹாஜியார் முகம் தொங்கியது. "பரம்பரை அட்டியலத் தொலச்ச வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு அக்குறணையில இருந்து சொல்லி அனுப்பிட்டாங்க."

ஜுனைதீனின் காது சிவந்தது. கணக்கு எழுதுகிறவர் கதையின் ஓட்டையைக் காட்டிவிட்டு மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார். "துப்பறியிறவர் நடுக்கூடத்துல நின்னு தப்பான ஆளுக்கு நேரா கைய நீட்டுறது எந்த வகையில சேரும் நானா?" என்று வின்சன்ட் காதோடு கேட்டான்.

"வாய மூடு."

அந்த நேரம் பார்த்து ஜமால்தீன் தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தான். எல்லோருக்கும் ஒவ்வொரு கோப்பை கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு தூணில் சாய்ந்தான். ஜுனைதீன் ஒரு மிடறு குடித்தார். அடுத்த கணம் முற்றத்தில் துப்பினார்.

"உப்பு!" என்று வின்சன்ட் அலறினான். "திருகோணமலைக் கடல அப்படியே கொண்டாந்து சுட வெச்சிருக்கான்!"

"டின் மாறிப்போச்சு மாமா," என்று ஜமால்தீன் தலையைச் சொறிந்தான். ஹாஜியார் கோப்பையை வாசலுக்கு வீசி எறிந்துவிட்டு அவன் தலைமுறை முழுவதையும் இழுத்துத் திட்டத் தொடங்கினார். கணபதி தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

ஜமால்தீன் தூணில் சாய்ந்தபடி, ஏச்சைக் கேட்டுக்கொண்டே, தன் கோப்பையை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தான்.

ஜுனைதீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் கிட்டப் போய், அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். நல்ல இனிப்பு. ஏலக்காய்கூடத் தட்டிப் போட்டிருந்தது.

"ஹாஜியார்," என்றார் மெதுவாக. "இவன் ஒடஞ்ச நாற்காலியில ஒரு நாளாச்சும் விழுந்திருக்கானா?"

"எங்க விழுறான்? வார ஆளுங்கதான் விழுறாங்க."

"லொறிய விட்டுட்டு வந்தப்பொறகு இவன தம்புள்ளைக்கு அனுப்பினீங்களா?"

"அனுப்புறதா? அந்த வெயில்ல நானே போய் வாறேன்."

"இவன் சாரத்துல ஒரு கறை ஈக்குதான்னு பாருங்க. சோறு, தேத்தண்ணி, தூக்கம், எதுலயும் இவனுக்கு ஒரு கொறையும் இல்ல." ஜுனைதீனின் குரல் உயர்ந்தது. அவர் திட்டியது ஜமால்தீனை மட்டும் அல்ல, ஒரே பார்வையில் அவனைப் பிறவி முட்டாள் என்று ஒதுக்கிய தன்னையும்தான். "பிறவி முட்டாள் மத்தவன் காலுல மட்டும் சுத்தியலப் போடமாட்டான், தன் காலுலயும் போட்டுக்குவான். இவன் முட்டாள்தனத்தால இவனுக்கு ஒரு நாளும் நட்டம் வந்ததில்ல. ஒவ்வொரு தடவையும் ஒரு வேல கொறஞ்சிருக்கு. அப்ப அந்த மூட்டை ஏலக்காய மழையில வெச்சதால இவனுக்கு என்ன லாபம்? பூஞ்சணம் புடிச்ச மூட்டைக்குள்ள யாராச்சும் கைய விடுவாங்களா?"

வின்சன்ட்தான் முதலில் ஓடினான். களஞ்சியத்தின் மூலையில் மூட்டையைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது, தும்மல் கேட்டது. திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால்வரை பச்சைத் தூசி. கையில் அட்டியல் பளபளத்தது.

ஜமால்தீனின் முகத்திலிருந்த இளிப்பு போய்விட்டது. அது போனதும் அங்கே நின்றவன் வேறு ஆள்.

"சின்ன வயசுல ஒரு தரம் நெசமாவே சறுக்கி விழுந்தேன்," என்றான். குரல்கூட மாறியிருந்தது. "எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு ஒரு வேலயும் சொல்லல. நல்லாத்தான் இருந்திச்சு. அப்புறம் அப்புடியே விட்டுட்டேன். ஒரே ஒரு நாள் வெளயாட்டில்லாம பேசினேன் மாமா. றஸ்மியாவ எனக்குத் தாங்கன்னு கேட்டேன். அன்னைக்கும் சிரிச்சீங்க. மாமியையும் கூப்பிட்டுச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சீங்க."

ஹாஜியார் வின்சன்டின் கையிலிருந்த அட்டியலை வாங்கிக்கொண்டார்.

"அதுக்கு அந்தப் பொண்ண ஏன்டா இழுத்த?" என்று வின்சன்ட் கத்தினான்.

"தையக்காரிதானே. ரெண்டு நாள் வெச்சிருந்து விட்டிருப்பாங்க."

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. வின்சன்ட் அவன்மீது பாய்ந்துவிடாமல் ஜுனைதீன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

ஹாஜியார் அட்டியலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து மார்கிரட்டை அழைத்தார். "புள்ள, ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. இது வீட்டு விசயம், வெளிய போக வாணாம். நீ போய் சட்டையத் தச்சி முடி."

மார்கிரட் சிதறிக் கிடந்த துணிகளையெல்லாம் மடித்து, பெட்டியைப் பூட்டி, கையோடு கொண்டுவந்திருந்தாள்.

இந்த இடம் துப்பறிகிறவர்களுக்கு உரியது. ஜுனைதீன் அதை விட்டுக்கொடுக்கும் ஆளில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "பயப்படாத புள்ள. ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும். திருடிட்டு அடையாளத்தப் போட்டுட்டுப் போற அளவுக்கு நீ மடச்சி இல்ல. ஆறு பேர எடுத்ததுல ஒருத்தி நீ. மூளை உள்ளவ இப்புடிச் செய்வாளா? அத வெச்சித்தான் நான் எல்லாருக்கும் நிரூபிச்சேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள், ஆனால் இப்போது அதில் ஈரம் இல்லை.

"சரிங்கய்யா. நான் திருடியிருந்தா இத விட நல்லாத் திருடியிருப்பேன். அதத்தானே நிரூபிச்சீங்க?"

"ஆமா," என்று ஆரம்பித்த ஜுனைதீன் பாதியில் நின்றார்.

"நான் திருடமாட்டேன்னு இந்த வீட்டுல யாராச்சும் ஒருத்தர் சொன்னீங்களா?"

ஹாஜியார் அட்டியலைப் பார்த்தார். கணபதியின் பேனா நின்றது. வின்சன்டும் பஸ்ஸில் கடலை உரித்துக்கொண்டு, அவள் எந்த வகை என்றுதான் கேட்டிருந்தான்.

மார்கிரட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். வின்சன்ட் பின்னாலேயே ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.